நேர்த்தி தீர்ந்த பிறகும் தீராத பயம்

கேள்வி:

“வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியில் இருக்கிறோம். எனக்கு 41 வயது. கோட்டையில் ஒரு கம்பனியில் கணக்குப் பகுதியில் வேலை. மூன்று வருஷத்துக்கு முன் மகனுக்கு டெங்கு வந்து பிளேட்லட் 18,000க்கு இறங்கிவிட்டது. அன்று இரவு ஆஸ்பத்திரியில் நின்றபடியே முருகனுக்கு நேர்த்தி வைத்தேன்: மச்சத்தை அடியோடு விடுகிறேன், கதிர்காமம் வந்து பாற்குடம் எடுக்கிறேன் என்று. பிள்ளை பிழைத்து வந்தான். அடுத்த ஆடியில் நேர்த்தியும் செய்து முடித்தோம்.

அதற்குப் பிறகுதான் வழிபாட்டில் ஈடுபாடு கூடியது. நாலு மணிக்கு எழும்பிக் குளித்து, விளக்கு வைத்து, சிவபுராணம் படிப்பேன். தொடக்கத்தில் கண்ணீர் வரும். இப்போது வருவதில்லை. இடையில் மனம் வேறு பக்கம் போனால் முதலிலிருந்து திரும்பப் படிக்கிறேன். சில நாள் நாலைந்து தரம். கந்தோருக்கும் பிந்துகிறது. போன வருஷம் இவருடைய பெரியப்பா தவறித் துடக்கு வந்ததால் விளக்கு வைக்கவில்லை. அந்தக் கிழமையே மகள் படியில் விழுந்து கை முறிந்தது. அதிலிருந்து எதையும் விடப் பயம். சந்தேகம் வரும்போதெல்லாம் இணுவிலில் இருக்கும் அம்மாவுக்குப் போன் எடுத்துக் கேட்பேன். கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் பாலும் பழமும்தான். அந்த நாட்களில் சீனி வருத்தக் குளிசையையும் நிறுத்திவிட்டேன்.

இவர், ‘இது பக்தி இல்லை, வருத்தம்’ என்கிறார். மகள், ‘அம்மா சுவாமி அறைக்குள் போனால் கூப்பிடவே பயமாக இருக்கிறது’ என்கிறாள். மகன் மட்டும் தினமும், ‘அம்மா, விளக்கு வைச்சிட்டீங்களா?’ என்று கேட்டுவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவான். ‘உனக்காகத்தானே அம்மா மச்சம் விட்டது’ என்று அவனுக்குச் சொல்லியிருக்கிறேன். அவனாவது விளங்கிக்கொண்டானே என்று ஆறுதல். வெள்ளிக்கிழமை மயூரபதி அம்மன் கோவிலில் தீபம் காட்டும் அந்த ஒரு நிமிஷம் மட்டும் எல்லாம் மறந்துபோகிறது. என் பக்தி பொய்யாகிவிட்டதா? இன்னும் கூட்ட வேண்டுமா? வேலையை விட்டுவிட்டு ஒரு குருவைத் தேடலாமா?”

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் குளிசை. மற்றதெல்லாம் பிறகு கதைக்கலாம். ஐப்பசியில் சஷ்டி தொடங்குவதற்கு முன்பே உங்கள் டொக்டரிடம் போய், ‘ஆறு நாள் விரதம் இருக்க விருப்பம், என் வருத்தத்தோடு எப்படி இருக்கலாம்?’ என்று நேராகக் கேளுங்கள். நீங்களாகக் குளிசையை நிறுத்தாதீர்கள். வாழைப்பழமும் சீனி போட்ட பாலும் விரதச் சாப்பாடாக இருக்கலாம். உங்கள் இரத்தத்துக்கு அது சீனிதான். பகலில் ஒரு நேரம் மட்டும் மரக்கறிச் சோறு சாப்பிட்டு ஒருபொழுது இருப்பதும் சஷ்டி விரதம்தான். மிளகை விழுங்கித் தண்ணீர் குடித்து இருப்பவரையும் ஒருபொழுது இருப்பவரையும் ஒரே வீட்டில் பார்த்திருப்பீர்கள். உடம்பு இடம் கொடாதவர் இயன்ற அளவில் இருக்கலாம் என்றால் எந்த ஐயரும் மறுக்கப்போவதில்லை. சந்தேகமாக இருந்தால் அவரிடமும் ஒரு தரம் கேளுங்கள். ஒரு தரம் மட்டும். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்று பிறகு விளங்கும்.

நான் உளவளத்துணையாளர். குரு இல்லை, பண்டிதரும் இல்லை. ஆனால் திருநீறு பூசி, வெள்ளிக்கிழமை விரதம் இருந்து வளர்ந்த வீடுதான் என்னுடையதும். அதனால் உங்கள் கேள்வியை வெளியில் நின்று பார்த்துப் பதில் சொல்லவில்லை. சமயப் பற்றுள்ள ஒருவர் எங்களிடம் வந்தால், ‘இதெல்லாம் மூடநம்பிக்கை, விட்டுவிடுங்கள்’ என்று சொல்லி அனுப்பும் ஆட்களும் எங்கள் தொழிலில் இருக்கிறார்கள். அப்படி ஒருவரிடம் நீங்கள் போயிருந்தால் அடுத்த நாளே அவரை விட்டுவிட்டு, சிவபுராணத்தை ஆறு தரம் ஆக்கியிருப்பீர்கள்.

உங்கள் கடிதத்தில் இரண்டு விஷயம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கிறது. ஒன்று அன்பு. மற்றது பயம். இரண்டும் ஒரே நாலு மணிக்கு எழும்பும், ஒரே விளக்கை ஏற்றும், ஒரே பாட்டைப் பாடும். வெளியில் நின்று பார்க்கும் கணவருக்கு வித்தியாசம் தெரியாது. பல நேரம் உங்களுக்கே தெரியாது. விடுபட்ட நாளில்தான் இரண்டும் பிரிந்து தெரியும். ஒரு நாள் விளக்கு வைக்க முடியாமல் போனால் உங்களுக்குள் என்ன நடக்கிறது? ‘இன்றைக்குக் கும்பிடக் கிடைக்கவில்லையே’ என்று மனம் ஏங்கினால் அது ஒரு மாதிரி. ‘யாருக்கு என்ன நடக்கப்போகிறதோ’ என்று வயிறு கலங்கி, பிள்ளைகள் வீடு வந்து சேரும்வரை போனைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தால் அது வேறு. நீங்கள் எழுதியிருப்பது பெரும்பாலும் இரண்டாவது.

அந்தப் பயம் எங்கே பிறந்தது என்பதும் கடிதத்திலேயே இருக்கிறது. டெங்குவில் காய்ச்சல் விட்ட பிறகு வரும் ஒன்றிரண்டு நாள்தான் மிக ஆபத்தானது. ‘அப்பாடா, காய்ச்சல் விட்டுது’ என்று தாய் மூச்சுவிடும் நேரத்தில்தான் டொக்டர்மாரின் முகம் இறுகும். இரத்தக் குழாயிலிருந்து நீர் கசியும் நேரம் அது. அடிக்கடி இரத்தம் பார்ப்பார்கள், ஏற்றும் சேலைனை அளப்பார்கள், போகும் சிறுநீரை அளப்பார்கள். எல்லாருக்கும் ஒரு வேலை இருக்கும், விறாந்தையில் நிற்கும் தாயைத் தவிர. அந்த இடத்தில் நேர்த்தி வைப்பதைப் பார்த்துச் சிரிக்க என்னால் முடியாது. கையில் வேறொன்றும் இல்லாத ஒருத்தி தன்னிடம் இருந்ததை நீட்டியிருக்கிறாள். பிள்ளை வீடு வந்தான், நீங்களும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினீர்கள்.

ஆடியில் கதிர்காமத்தில் பாற்குடம் எடுத்த அன்றே அந்தக் கடன் தீர்ந்துவிட்டது. நீங்கள் கணக்குப் பகுதியில் இருப்பவர், உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை: முதலும் கட்டி முடித்து, உறுதியும் கைக்கு வந்த பிறகு, மாதா மாதம் வட்டி கட்டிக்கொண்டு யாரும் இருப்பதில்லை. நீங்கள் கட்டுகிறீர்கள். வட்டி வீதமும் ஒவ்வொரு வருஷமும் ஏறுகிறது. கேட்பது முருகன் இல்லை. மச்சம் விட்டதை மட்டும் உயிர் உள்ளவரை என்று சொல்லியிருந்தால் அது அப்படியே இருக்கட்டும், நல்லதுதான். நாலு மணி, நாலைந்து தரம், குளிசை இல்லாத ஆறு நாள் இதெல்லாம் நீங்கள் அன்றிரவு நேர்ந்ததே இல்லை. பிறகு ஒவ்வொன்றாக வந்து ஒட்டிக்கொண்டவை.

எப்படி ஒட்டின? ஒரு நினைப்பு வருகிறது: ‘மனம் சிதறிப் படித்துவிட்டேனே, குற்றம் வந்துவிடுமோ?’ நெஞ்சு படபடக்கிறது. முதலிலிருந்து படிக்கிறீர்கள். படபடப்பு இறங்குகிறது. அந்த ஆறுதல்தான் கண்ணி. ‘திரும்பப் படித்ததால்தான் தப்பினோம்’ என்று மூளை படித்துக்கொள்கிறது. நாளைக்கு அதே நினைப்பு இன்னும் கொஞ்சம் கெதியாக வரும், ஒரு தரம் படித்தது போதாமல் போகும். அம்மாவுக்கு எடுக்கும் போனும் இதே வேலையைத்தான் செய்கிறது. ‘ஒன்றும் இல்லை பிள்ளை, பயப்படாதே’ என்று அவர் சொன்னதும் இறங்கும் பயம், பின்னேரம் வேறொரு கேள்வியோடு திரும்பி வரும். ஐயரிடம் ஒரு தரம் மட்டும் கேளுங்கள் என்று மேலே சொன்னது அதனால்தான்.

இது சைவருக்கு மட்டும் வருவதும் இல்லை. பாவசங்கீர்த்தனத்தில் ஏதோ சொல்லாமல் விட்டேன் என்று மறுபடி மறுபடி கோவிலுக்கு ஓடும் கத்தோலிக்கர் இருக்கிறார்கள். தொழுகைக்கு முன் வுளூ சரியாகச் செய்தேனா என்று கை வெளிறும்வரை கழுவும் முஸ்லிம் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஓசிடி என்று டொக்டர்மார் சொல்லும், ஒரே நினைப்பும் செயலும் திரும்பத் திரும்ப வரும் வருத்தம், அவரவர் எதை உயிராக மதிக்கிறாரோ அதைப் பிடித்துக்கொள்ளும். சுத்தத்தை மதிப்பவருக்குக் கைகழுவலாக வரும், பக்தி உள்ளவருக்கு வழிபாடாக வரும். உங்களுக்கு இருப்பது அதுதான் என்று ஒரு கடிதத்தை வைத்து நான் முடிவு கட்ட முடியாது, கட்டவும் கூடாது. ஆனால் நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால், நேரில் ஒருவரிடம் காட்டியே ஆகவேண்டிய கட்டத்தில் இருக்கிறீர்கள்.

கணவர் சொன்னதில் பாதி சரி. மற்றப் பாதியை அவர் காணவில்லை. மயூரபதியில் தீபம் காட்டும் அந்த ஒரு நிமிஷம் வருத்தம் இல்லை. அந்த நேரத்தில் நீங்கள் எதையும் எண்ணவில்லை, சரிபார்க்கவில்லை, யாருக்காகவும் எதையும் தடுத்து நிறுத்த முயலவில்லை. சும்மா நின்றீர்கள். உங்கள் பக்தி அங்கே முழுசாக இருக்கிறது. அதைக் குறைக்கச் சொல்லி நான் எழுதவில்லை. அதன்மேல் ஏறி உட்கார்ந்திருப்பதைத்தான் இறக்க வேண்டும்.

கண்ணீர் வருவதில்லை என்று கவலைப்படுகிறீர்கள். சிவபுராணம் 95 அடி. ஐந்து தரம் படித்தால் 475 அடி, அதுவும் எங்கே மனம் சிதறும் என்று காவல் காத்துக்கொண்டு. அப்படிப் படிப்பவருக்கு எங்கிருந்து கண்ணீர் வரும்? பாட்டைப் பார்க்க வேண்டிய கண் உங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறது. சம்பந்தர் ‘காதலாகிக் கசிந்து கண்ணீர் மல்கி’ என்று பாடியதை நாங்கள் பரீட்சைத் தாள் மாதிரி எடுத்துவிட்டோமோ என்று எனக்குச் சில நேரம் தோன்றும். மாணிக்கவாசகரைக் கேளுங்கள். திருச்சதகத்தில், ‘நாடகத்தால் உன்னடியார்போல் நடித்து’ என்று தன்னைத்தானே சொல்கிறார். அடியார்போல் நடித்துக்கொண்டு வீடுபேற்றுக்குள் புகுந்துவிட விரைகிறேன் என்கிறார். அதே திருச்சதகத்தில் இன்னோர் இடத்தில் ‘யானே பொய், என் நெஞ்சும் பொய், என் அன்பும் பொய்’ என்று ஒரேயடியாகச் சொல்லிவிடுகிறார். உங்கள் கேள்வியே அதுதானே? அவர் அதை ஒளித்துவைக்கவில்லை, அதற்காக முதலிலிருந்து திரும்பப் பாடவும் இல்லை. அந்த வறட்சியையே கொண்டுபோய்ச் சிவன் முன்னால் வைத்துவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார். வறண்ட காலம் நெடுநாள் வழிபடுகிற எல்லாருக்கும் வரும். அது வந்ததே வழிபாடு பொய் என்பதற்குச் சாட்சி ஆகாது.

அப்புறம் அந்தத் துடக்கு. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். துடக்கு நாளில் விளக்கு வைக்காதே, கோவிலுக்குப் போகாதே என்று சொன்னது யார்? எங்கள் வழக்கமே சொன்னது. பெரியப்பா காலமானால் 31ஆம் நாள் அந்தியேட்டி முடியும்வரை விலகி இரு என்பது ஊர் முறை. நீங்கள் அந்த முறையை மீறவில்லை, அதன்படிதான் இருந்தீர்கள். இருக்கச் சொன்னபடி இருந்தவள்மேல் ஒரு தெய்வம் கோபித்து, அதுவும் அவளை விட்டுவிட்டு அவளுடைய பிள்ளையின் கையை முறித்தது என்றால், அப்படிப்பட்ட ஒன்றை நீங்களே கும்பிடமாட்டீர்கள். தொடர்மாடிப் படியில் பிள்ளைகள் ஓடி விழுவது எந்தக் கிழமையிலும் நடக்கும். விளக்கு வைத்த கிழமைகளில் வந்த காய்ச்சல், தடிமன், பரீட்சையில் குறைந்த புள்ளி இதையெல்லாம் நீங்கள் கணக்கில் எழுதவில்லை. வைக்காத கிழமையில் நடந்த ஒன்றைத்தான் எழுதி வைத்திருக்கிறீர்கள். ஒரு பக்கம் மட்டும் எழுதிய பேரேட்டை உங்கள் கந்தோரில் ஏற்பார்களா?

கண்ணப்பர் கதை உங்களுக்குத் தெரியும். வாயில் கொண்டுவந்த தண்ணீர், கடித்துப் பார்த்த இறைச்சி, தலையில் சூடிய பூ. எந்த ஆகமத்திலும் இல்லாத பூசை, அது ஏற்கப்பட்டது என்று எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அந்தக் கதையில் பிடித்தவர் சிவகோசரியார். ஒவ்வொரு நாளும் வந்து, ஐயோ என்று பதறி, அந்த இறைச்சியை எல்லாம் அகற்றிக் கழுவி, முறைப்படி பூசை செய்துவிட்டுப் போகிறாரே, அவர். இறைவன் அவருடைய பூசையையும் தள்ளவில்லை. கனவில் வந்து அவரை வையவும் இல்லை. மறைந்திருந்து பார் என்று கூப்பிட்டுக் காட்டுகிறார், அவ்வளவுதான். ஆகவே முறை வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துவிடாதீர்கள். குளித்து, கோலம் போட்டு, முறையாகச் செய்கிற வழிபாட்டில் ஓர் அழகும் ஒழுங்கும் இருக்கிறது. சிவகோசரியாரின் பதற்றம் சுவாமிக்காக. உங்கள் பதற்றம் சுவாமியைப் பார்த்து. திருவாசகத்தில் அச்சப்பத்து என்றே ஒரு பதிகம் இருக்கிறது. எதற்கெல்லாம் அஞ்சமாட்டேன், யாரைக் கண்டால் அஞ்சுவேன் என்று பாட்டுக்குப் பாட்டு வருகிறது. சிவனுக்கு அஞ்சுகிறேன் என்று அதில் எங்குமே இல்லை. அப்பரும், பல்லவன் ஏவிய யானை முன்னால் நின்றுகொண்டு, ‘அஞ்சுவது யாதொன்றும் இல்லை, அஞ்ச வருவதும் இல்லை’ என்றுதான் பாடினார்.

உங்கள் அம்மா இணுவிலில் இருப்பவர். ‘ஒரு பொல்லாப்பும் இல்லை’ என்ற யாழ்ப்பாணத்து யோகர் சுவாமியின் வாக்கு அந்த வீட்டில் கட்டாயம் புழங்கியிருக்கும். அதையும் 108 தரம் சொல்ல வேண்டும் என்று தொடங்கிவிடாதீர்கள், அவ்வளவுதான் என் வேண்டுகோள்.

இப்போது மகன். கடிதத்திலேயே எனக்கு அதிகம் கவலை தந்த இடம் இது. நீங்கள் ஆறுதலாக எழுதியிருக்கிறீர்கள்: மற்றவர்களுக்கு விளங்காததை அவன் விளங்கிக்கொண்டான் என்று. எனக்கு அப்படித் தெரியவில்லை. தன் உயிர் அம்மாவின் விளக்கில் தொங்குகிறது என்று அந்தப் பிள்ளை நம்பத் தொடங்கிவிட்டான். அதனால்தான் காலையில் கேட்கிறான். ‘வைச்சிட்டேன்’ என்று நீங்கள் சொன்னால்தான் அவனால் நிம்மதியாகப் பள்ளிக்கூட வானில் ஏற முடிகிறது. நீங்கள் அம்மாவுக்குப் போன் எடுப்பதும் அவன் உங்களிடம் கேட்பதும் ஒன்றுதான். நாளைக்கு உங்களுக்கு ஒரு சத்திரசிகிச்சை வந்து பத்து நாள் படுத்தால் அவன் என்ன செய்வான் என்று யோசியுங்கள். அதைவிட, ‘என்னால்தான் அம்மா சாப்பிடாமல் இருக்கிறா, என்னால்தான் அப்பாவும் அம்மாவும் சண்டை பிடிக்கினம்’ என்ற நினைப்பும் அவனுக்குள் இருக்கும். பிள்ளைகள் இதை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள்.

அவனை ஒரு நாள் பக்கத்தில் இருத்தி, விளங்கும்படி சொல்லுங்கள்: ‘உனக்கு டெங்கு வந்தது. டொக்டர்மாரும் நேர்ஸ்மாரும் இரவிரவாகப் பார்த்தார்கள். அம்மா கும்பிட்டேன். நீ சுகமானாய். அந்த நேர்த்தி முடிந்துவிட்டது. இப்போது நான் கும்பிடுவது எனக்குப் பிடித்ததால். ஒரு நாள் நான் கும்பிடாவிட்டாலும் உனக்கு ஒன்றும் நடக்காது.’ கடைசி வசனத்தைச் சொல்லும்போது உங்களுக்குத் தொண்டை அடைக்கும். அடைத்தாலும் சொல்லுங்கள். அடுத்த நாள் காலையில் அவன் திரும்பக் கேட்பான். ‘நேற்றுச் சொன்னேனே, போய்ட்டு வா’ என்று தலையைத் தடவி அனுப்புங்கள். வைத்தேன் என்றோ வைக்கவில்லை என்றோ பதில் சொல்லாதீர்கள். மகளுக்கும் ஒரு சொல் போதும்: சுவாமி அறைக் கதவு சாத்தியிருந்தாலும் எந்த நேரமும் கூப்பிடலாம் என்று. சொன்னால் மட்டும் போதாது. அவள் முதல் தரம் கூப்பிடும்போது நீங்கள் முகம் சுளிக்காமல் எழும்பி வரவேண்டும். இந்த வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கும் சமயம் என்றால் என்ன என்பதை நீங்கள் சொல்லிக் கொடுப்பதை விட, அந்த அறையிலிருந்து எந்த முகத்தோடு வெளியே வருகிறீர்கள் என்பதைப் பார்த்துத்தான் படிப்பார்கள்.

நீங்கள் தொடங்கக்கூடியது ஒன்று இருக்கிறது. சிவபுராணம் ஒரு தரம் மட்டும். மனம் சிதறினால் சிதறிய இடத்திலிருந்தே தொடருங்கள். எந்த அடியில் விட்டேன் என்று தெரியாவிட்டால் நினைவுக்கு வந்த அடியிலிருந்து போங்கள். முடிந்ததும் புத்தகத்தை மூடி, திருநீறு பூசி, எழும்பிவிடுங்கள். உள்ளே ஒரு குரல், ‘இது சரியில்லை, திரும்பப் படி’ என்று நச்சரிக்கும். அதோடு வாதாட வேண்டாம், அதற்குப் பணியவும் வேண்டாம். அம்மாவுக்குப் போன் எடுக்காமல், மனதுக்குள் இரகசியமாக ஒரு மன்னிப்பும் கேட்காமல், அந்தப் பதற்றத்தையும் கூட்டிக்கொண்டே ரயிலேறுங்கள். வெள்ளவத்தையிலிருந்து கோட்டை வரை கடல் பக்கத்தில்தான் போகப்போகிறீர்கள். முதல் கொஞ்ச நாள் கஷ்டமாக இருக்கும், அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் ஒன்றும் செய்யாமல் விட்டால் அந்தப் பதற்றம் தானாக ஏறி, தானாகவே இறங்கும். அப்படி இறங்குவதை உங்கள் உடம்பு சில தரம் கண்டுகொள்ள வேண்டும், சொல்லி விளங்கப்படுத்த முடியாது. நாலு மணியையும் ஐந்து ஆக்குங்கள். நித்திரை குறைந்தால் இந்தப் பயம் எல்லாம் இரண்டு மடங்காகும்.

இதற்கு அடுத்த படிகள், உதாரணமாகக் கிழமையில் ஒரு நாள் விளக்கை மகளையோ கணவரையோ வைக்கவிட்டு நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது, ஒரு நாள் ஒரு தேவாரத்தோடு முடிப்பது போன்றவை, பயிற்சி உள்ள ஒருவரோடு சேர்ந்து செய்ய வேண்டியவை. தனியாகத் தொடங்கினால் பாதியில் பயந்து, பழையதை விடக் கூடுதலாகப் போய்விடும்.

வேறொன்று, இது சிகிச்சை இல்லை, என் விருப்பம். ஒரு நாள் கந்தோர் முடிந்து கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோவிலுக்குப் போங்கள். கோட்டையிலிருந்து கிட்டத்தானே. வெள்ளிக்கிழமை வேண்டாம், சனம் இல்லாத ஒரு கிழமை நாளில். அர்ச்சனைச் சிட்டை எடுக்காதீர்கள். யாருடைய பேரும் நட்சத்திரமும் சொல்லாதீர்கள். ஒன்றும் கேட்காதீர்கள், ஒன்றும் நேராதீர்கள். சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் திருப்பிக் கட்டிய கோவில் அது. வெளியில் எவ்வளவு வெயிலாக இருந்தாலும் உள்ளே ஒரு குளிர்ச்சி இருக்கும். ஒரு தூணோரம் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வீட்டுக்கு வாருங்கள். பிள்ளைக்காக, கணவருக்காக, வேலைக்காக என்று இல்லாமல் நீங்கள் கடைசியாகக் கோவிலுக்குப் போனது எப்போது?

வேலையை விட வேண்டாம். இப்போதைக்கு உங்கள் நாளில் பயம் புகாத இடம் அந்தக் கந்தோர் ஒன்றுதான் போல் தெரிகிறது. முழு நாளும் வீட்டில் இருந்தால் அந்த நாலைந்து தரம் நாற்பது தரம் ஆகும்.

குருவைத் தேடுவது தவறில்லை, ஆனால் இந்த மனநிலையில் தேடவேண்டாம். பயந்து போயிருப்பவரை மோப்பம் பிடித்து, ‘உங்களுக்குத் தோஷம் இருக்கிறது, ஒரு யாகம் செய்தால் நீங்கும்’ என்று சொல்ல இந்தக் கொழும்பில் ஆளில்லாமல் இல்லை. குளிசையை நிறுத்தச் சொல்கிறவர், குடும்பத்துக்குத் தெரியாமல் காசு கேட்கிறவர், விட்டுப் போனால் கெடுதி வரும் என்று சொல்கிறவர், இந்த மூவர் வாசலிலும் செருப்பைக் கழற்றாதீர்கள். படிக்க, கேட்க விருப்பம் என்றால் வெள்ளவத்தை இராமகிருஷ்ண மிஷன் உங்களுக்கு நடந்து போகும் தூரம்.

நேரில் காட்ட உங்களுக்குக் கிட்டிய பெரிய அரசாங்க ஆஸ்பத்திரி களுபோவில. அங்கே மனநலப் பிரிவு இருக்கிறது. 1926 என்ற இலக்கத்துக்கு எடுத்தால் தேசிய மனநல நிறுவனத்தின் உதவிச் சேவையில் கதைக்கலாம். தமிழில் கதைக்க வேண்டும் என்று தொடக்கத்திலேயே சொல்லுங்கள். ஓசிடி என்று முடிவானால், நான் மேலே சொன்ன மாதிரியான பயிற்சிச் சிகிச்சை இருக்கிறது, தேவைப்பட்டால் மருந்தும் இருக்கிறது. இரண்டுக்கும் பலன் தெரியச் சில கிழமைகள் எடுக்கும். டொக்டரிடம் போகும்போது சுவாமி அறையில் நடப்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். சிங்கள டொக்டராக இருந்தாலும் வெட்கப்பட வேண்டாம். பிரித் நூலைக் கட்டிக்கொண்டு இதே கதையோடு வருகிறவர்களை அவர் எத்தனையோ பார்த்திருப்பார்.

கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். சண்டை பிடிக்கும் நேரத்தில் ‘வருத்தம்’ என்ற சொல்லைத் தூக்கி எறிவதை அவர் விடவேண்டும். நீங்கள் ‘சரியாகத்தானே செய்தேன்?’ என்று கேட்கும்போது ‘ஓம் ஓம்’ என்று சொல்லித் தப்புவதையும் விடவேண்டும். இரண்டாவதுதான் அவருக்குக் கஷ்டமாக இருக்கப்போகிறது. அதை ஒரு டொக்டர் வாயால் கேட்டால்தான் செய்வார்.